ஆயுத பூஜைக்குக் கழுவிய சேட்டக் கிளம்பவில்லை என்றால் எஞ்சினை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா 1998-ல் வாங்கிய பஜாஜ் சேட்டக். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தைய வண்டி, அதனால் தருமபுரியின் டிஎன் 29 நம்பர். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாட்டர் வாஷ் விட்டு, வீடு வரை ஓட்டி வந்து நிறுத்தியிருக்கிறார்கள். மறுநாள் பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றலாம் என்று கிக்கரை உதைத்தால் வண்டி மூச்சே விடவில்லை. வீட்டில் எல்லோரும் மாறி மாறி உதைத்துப் பார்த்துவிட்டார்கள். தள்ளியும் பார்த்தாயிற்று. வந்து பார்த்த மெக்கானிக், "போர் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும், ஏழாயிரம் எட்டாயிரம் ஆகும்" என்கிறாராம். போர் என்றால் பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்சுவர். பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது, அது காரணமாக இருக்குமா என்று வேறு சந்தேகம். டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. அப்பாவுக்கு வண்டியை விற்க மனமில்லை.

தம்பி, முதலில் எஞ்சினை யாரும் தொட வேண்டாம். முந்தின நாள் வீடு வரை ஒழுங்காக ஓடி வந்த வண்டிக்கு, நிறுத்தி வைத்த இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக போர் போகாது. போர் தேய்வது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. மேட்டில் இழுவை குறையும், காலையில் உதைக்கிற உதை ஒன்று இரண்டாகிக் கொண்டே போகும், மைலேஜ் இறங்கும், சிலிண்டருக்குள் கலகலவென்று சத்தம் கேட்கும். இதில் எதுவுமே இல்லாமல் வண்டி ஒரே நாளில் படுத்துக்கொண்டால், முதலில் கரண்டைப் பார்க்க வேண்டும், அடுத்து பெட்ரோலை. எஞ்சின் கடைசி. பிஸ்டன் ஓட்டையாவதும், சிலிண்டருக்குள் சிக்கி சீஸ் ஆவதும் திடீரென்று நடக்கும்தான், ஆனால் அவை ஓடும்போது ரோட்டில் நடக்கும். நடந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பேட்டரி விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். உங்கள் வண்டியில் பிளக்குக்குப் போகிற கரண்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை. கிக்கரை உதைக்கும்போது மேக்னெட் சுற்றுகிறது, அதன் உள்ளே இருக்கிற காயிலில் கரண்ட் உண்டாகி, பொறி அடிக்கிற நேரத்தை முடிவு செய்கிற சிடிஐ பெட்டிக்குப் போகிறது, அங்கிருந்து கரண்டின் அழுத்தத்தை ஏற்றுகிற எச்டி காயில், அங்கிருந்து பிளக். பேட்டரி ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும்தான். செத்த பேட்டரியோடு இரண்டு வருடம் ஓடியதே அதற்குச் சாட்சி. 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 இன்ஜெக்‌ஷன் ஸ்கூட்டர்களின் கதை வேறு. அவற்றில் பேட்டரி படுத்தால் பெரும்பாலும் வண்டியும் படுக்கும். இப்போது எல்லோரும் அந்த வண்டிகளையே பார்த்துப் பழகியதால் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இனி உதைக்காதீர்கள். இத்தனை உதை உதைத்ததில் எஞ்சினுக்குள் பெட்ரோல் குளம் கட்டியிருக்கும். முதல் கோளாறு எதுவாக இருந்தாலும், இப்போது ஓவர்ஃப்ளோ என்கிற இரண்டாவது கோளாறும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சேட்டக்கைச் சாய்த்துப் பிடித்து உதைக்கிற பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. டேங்கில் பெட்ரோல் அடிமட்டத்துக்குப் போனால் அது உதவும். ஏற்கெனவே பெட்ரோல் நிரம்பி நிற்கிற எஞ்சினுக்கு அது கேடு.

கருவி எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். பெட்ரோல் டேப் உண்மையில் திறந்திருக்கிறதா, குளிரில் கிளப்ப இழுக்கிற சோக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா, சாவி ஆனில் இருக்கிறதா. சிரிக்க வேண்டாம். வாட்டர் வாஷ் விடுகிற பையன்கள் சீட்டைத் தூக்கித் துடைக்கும்போது டேப்பைத் திருப்பி மூடிவிடுவது சாதாரணம். கார்பரேட்டரில் தேங்கிய பெட்ரோலில் வண்டி சிறிது தூரம் ஓடும், அப்புறம் ஓடாது.

அடுத்து வலது பக்க கவரைக் கழற்றி, பிளக் கேப்பை உருவி, 21 நம்பர் பிளக் ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் முன் அந்தக் குழியைச் சுற்றி இருக்கிற மண்ணையும் தண்ணீரையும் ஊதித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சிலிண்டருக்குள் போகும். கழற்றிய பிளக்கைத் துடைக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல பிளக்கின் முனை, பழைய செங்கல் போல மங்கிய பழுப்பில் இருக்கும். சொட்டச் சொட்ட நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் சந்தேகம். இவ்வளவு உதைத்தும் காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. முத்து முத்தாகத் துளி நின்று, வாடை இல்லாமல், தொட்டால் வழுக்காமல் இருந்தால் அது தண்ணீர்.

இன்னொன்றையும் உற்றுப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் கரி படியும். அதில் கடுகில் பாதி அளவு ஒரு துணுக்கு பெயர்ந்து வந்து பிளக்கின் நடுமுனைக்கும் வளைந்த முனைக்கும் இடையில் பாலம் போட்டுக்கொண்டால் போதும், கரண்ட் அந்தப் பாலத்தின் வழியே போய்விடும், பொறி பறக்காது. வண்டி சுவிட்ச் போட்டது போல நிற்கும். சில சமயம் அந்தக் கரி ஒரு முடி அளவுக்குத்தான் இருக்கும், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல பெட்ரோலில் கழுவி, உலர விடுங்கள். இடைவெளி 0.6 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் ஆக்ஸா பிளேடின் கனம் ஏறக்குறைய அதுதான். பிளேடு இறுக்கமாக நுழைந்து வெளியே வந்தால் சரி.

பழைய பிளக்கோடு மல்லுக்கட்டுவதைவிடப் புதிது ஒன்று வாங்கிவிடுவது நல்லது. வெளியே பிடித்தால் பொறி அடிக்கிற பிளக், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் அடிக்காமல் போவது உண்டு. அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். பழைய பிளக்கைக் கடையில் காட்டி அதே நம்பர், அதே நீளம் கேளுங்கள். நீளமான திரெட் உள்ள பிளக்கை மாட்டினால் பிஸ்டனில் இடிக்கும்.

இப்போது கரண்டைப் பார்க்கலாம். வண்டியை நிழலுக்குத் தள்ளுங்கள், வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுந்தத் தொடுகிற மாதிரி வையுங்கள். பிளக் குழிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அந்தக் குழியிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். குழியில் ஒரு துணியை அடைத்துவிட்டுத் தள்ளிப் பிடிப்பதுதான் பத்திரம். ஒயரைக் கையில் பிடிக்காதீர்கள், இன்சுலேட்டட் பிளையரால் பிடியுங்கள். பிளக்கை எங்கும் தொடாமல் அந்தரத்தில் விட்டு உதைப்பதும் தப்பு, போக வழியில்லாத கரண்ட் காயிலையோ சிடிஐயையோ அடித்துவிடும். சாவி ஆன், ஒருவர் உதைக்க வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். 'டிக்' என்ற சத்தத்தோடு நீலமாக, தடிப்பாக அடித்தால் நல்ல கரண்ட். மஞ்சளாகவோ சிவப்பாகவோ நூல் போல அடித்தால் பலவீனம். சூடான எஞ்சின் பலவீனமான பொறியிலும் ஓடும், ஆறிப்போன எஞ்சின் ஓடாது. வாஷ் விட்ட இடத்திலிருந்து வீடு வரை ஓடி வந்த வண்டி காலையில் ஏன் கிளம்பவில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பொறியே இல்லையென்றால், கழுவிய வண்டியில் என் சந்தேகம் முதலில் பிளக் கேப்பின் மேல்தான். பவர் கன்னால் அடித்த தண்ணீர் அந்த ரப்பருக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ஒயரிலிருந்து கேப்பைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஒயரின் முனையை அரை சென்டிமீட்டர் வெட்டினால் உள்ளே புதுச் செம்பு தெரியும். கேப்பை நன்றாக உலர்த்தி, அந்தச் செம்பில் ஏறுகிற மாதிரி மறுபடி திருகுங்கள். கேப் இல்லாமல் ஒயர் முனையை நேராக எஞ்சின் உடம்புக்குச் சில மில்லி மீட்டர் தள்ளி வைத்து உதைத்தால் பொறி வருகிறது, கேப் போட்டால் வரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், கேப்பை மாற்றுங்கள். ஒயரின் ரப்பர் வெடித்திருந்தால் இருட்டில் உதைத்துப் பார்க்க வேண்டும்; கசிகிற இடத்தில் நீலப் பொறி ஓடுவது தெரியும்.

அடுத்த சந்தேகம் சாவி சுவிட்ச். இந்த வண்டிகளில் சாவியை ஆஃப் செய்வது என்றால், சிடிஐயிலிருந்து வருகிற ஒரு ஒயரைப் பாடியில் எர்த் ஆக்குவது. ஆன் செய்தால் அந்த எர்த் விலகும். சுவிட்சுக்குள் தண்ணீர் நின்றாலோ, அந்த ஒயர் ஹேண்டில் கழுத்துப் பக்கம் உரசித் தோல் உரிந்திருந்தாலோ, சாவி ஆனில் இருந்தும் வண்டி ஆஃபில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். இருபத்தைந்து வருடம் திரும்பித் திரும்பித் தேய்ந்த ஒயர், அதில் ஈரம் பட்டால் கேட்கவா வேண்டும். எஞ்சின் பக்கம் இருக்கிற ஜங்ஷன் பெட்டியில் அந்த ஒயரை மட்டும் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் கோளாறு சுவிட்சிலோ அந்த ஒயரிலோதான், எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஒயர் கழன்றிருக்கும் வரை சாவியால் வண்டியை அணைக்க முடியாது. கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டால் நின்றுவிடும்.

இந்த இரண்டிலும் இல்லையென்றால் சிடிஐயும் காயிலும். சில மாடலில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். இதை மீட்டர் வைத்து முழுமையாகச் சோதிக்க முடியாது. ஓடுகிற இன்னொரு சேட்டக்கிலிருந்து கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் வழி. எர்த் ஒயரின் நட்டைத் தேய்த்து இறுக்கிவிட்டு அதைச் செய்யுங்கள், பாதிப் பேர் எர்த் துரு பிடித்ததற்கு சிடிஐ வாங்கிப் போடுகிறார்கள். மேக்னெட்டுக்குள் இருக்கிற காயில் கெட்டால் வேறு மாதிரி அடையாளம் காட்டும். வண்டி சூடானதும் நிற்கும், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். உங்கள் வண்டி ஆறிய பிறகுதான் கிளம்பவில்லை, அதனால் அதன் மேல் எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்லை. சிடிஐ இல்லாமல், பாயின்ட் செட் என்ற சின்ன சுவிட்ச் வைத்த இன்னும் பழைய வண்டியாக இருந்தால் பாயின்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்தைத் துடைத்தாலே பாதி நேரம் வேலை முடியும். பாயின்ட் கருகி நீலம் பாய்ந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பொறி நன்றாக வருகிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் உதைத்தால் டப்பென்று வெடிக்கிறது, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது என்றால் மேக்னெட்டைப் பிடித்து நிறுத்துகிற அரைவட்டச் சாவி அறுந்து, பொறி அடிக்கிற நேரம் (டைமிங்) மாறியிருக்கும். சின்ன இரும்புத் துண்டுதான். ஆனால் அதைப் பார்க்க மேக்னெட்டைப் புல்லர் போட்டுக் கழற்ற வேண்டும், வீட்டு வேலை அல்ல.

கரண்ட் சரி, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். கார்பரேட்டருக்குப் போகிற டியூபைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு டேப்பைத் திறங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், சூடம் எதுவும் இருக்கக் கூடாது. பூஜை நாளில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தடையில்லாமல் ஒழுக வேண்டும். கொஞ்சம் ஒழுகி நின்றுவிட்டால் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று இழுத்து மறுபடி ஒழுக ஆரம்பித்தால் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பர்கூர் பக்கம் கிரானைட் தூசியில் ஓடுகிற வண்டிகளில் இது சகஜம். திறந்தும் ஒழுகவில்லை என்றால் டேப்பின் சல்லடையில் துரு.

பாட்டிலை அசைக்காமல் கால் மணி நேரம் வைத்துவிட்டு அடியைப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் பீய்ச்சிய தண்ணீர் மூடி வழியாக டேங்குக்குள் இறங்கியிருக்கலாம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். டேப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கொஞ்சம் தண்ணீர் என்றால் எத்தனால் அதைத் தன்னோடு கலந்துகொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து கலங்கலாகத் தனி அடுக்காகப் பிரிந்து கீழே நிற்கும். அது எரியாது. அப்படி இருந்தால் டேங்கைக் காலி செய்து, துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றுவதைத் தவிர வழியில்லை. 1998-ல் செய்த ரப்பர் டியூபும் வாஷரும் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்தவை அல்ல. ஊறி உப்பி, உள்பக்கம் உரிந்து, அந்தத் துணுக்குகளே கார்பரேட்டரில் பெட்ரோல் போகிற சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். டியூப் மலிவு, இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள்.

கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்குகிற ஃப்ளோட் அறையைத் திறந்தால் அடியில் வண்டல் இருக்கும். கழுவி, ஜெட்டுகளைக் கழற்றி ஊதுங்கள், வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசியோ இரும்புக் கம்பியோ விடாதீர்கள், பித்தளை ஜெட் பெரிதாகிவிட்டால் அந்த வண்டி மறுபடி ஒழுங்காகக் கிளம்பாது. டூத் பிரஷ்ஷின் ஒரு மயிர் போதும்.

பிளக் நனைந்தே இருக்கிறது என்றால் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றிவைத்து, சாவியை ஆஃப் செய்து, ஆக்ஸிலேட்டரை முழுதும் முறுக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து முறை உதையுங்கள். உள்ளே தேங்கியது புகையாக வெளியே வரும். பிறகு உலர்ந்த பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல், டேப் மூடியபடியே உதைத்துப் பாருங்கள். பல வண்டிகள் இந்த இடத்திலேயே கிளம்பிவிடும். கிளம்பியதும் டேப்பைத் திறந்துகொள்ளலாம். ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிருக்கு சோக் இழுத்தே பழகியவர்கள், அதே கையோடு கிருஷ்ணகிரி வெயிலிலும் இழுத்துவிட்டு ஓவர்ஃப்ளோ என்று அலைவதைப் பார்க்கிறோம்.

ஏர் ஃபில்டர் நனைந்து சப்பையாகிக் கிடக்கிறதா என்று ஒரு பார்வை. சைலன்சர் முனையில் கையை வைத்து உதைத்தால் காற்று தள்ளுகிறதா என்று ஒரு பார்வை. வெகுநாள் நிறுத்திய வண்டி என்றால் குளவி மண்கூடு கட்டியிருக்கும், உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது.

இத்தனைக்கும் பிறகுதான் எஞ்சின். அதையும் இறக்காமலே பார்க்கலாம். பிளக் குழியில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். சாவி ஆஃபில் இருக்கட்டும். விரல் எவ்வளவு அழுத்தினாலும் 'பட்' என்று தள்ளிவிட்டுக் காற்று வெளியேற வேண்டும். அப்படித் தள்ளினால் போர் வேலை இப்போதைக்குத் தேவையில்லை, யார் சொன்னாலும் சரி. லேசாகப் பெருமூச்சு விடுவது போல வந்தால், முதலில் ஹெட் நட்டுகள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளக் குழி வழியாக ஒரு ஸ்பூன் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) விட்டு மறுபடி சோதியுங்கள். அதனால் கம்ப்ரஷன், அதாவது விரலைத் தள்ளுகிற அழுத்தம், தெளிவாகக் கூடினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது, அப்போது மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. பெட்ரோல் ஊறி ஆயில் கழுவிப்போன சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாகத்தான் தெரியும், அதை வைத்து அவர் முடிவு செய்திருக்கலாம். நீங்கள் உதைத்துத் தள்ளிய உதைக்கு அது நடந்திருக்கக்கூடியதுதான்.

போர் கெடாமல் பார்த்துக்கொள்வது ஆயிலில் இருக்கிறது. சேட்டக்குக்குப் பெட்ரோலில் 2 சதவீதம், லிட்டருக்கு 20 மில்லி. கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து 40, 50 ஊற்றுகிறவர்களின் பிளக்தான் அடிக்கடி கரி கட்டுகிறது. இதைவிட முக்கியமான ஒன்று: டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் போனால்தான் ஆயிலும் போகும். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டு, கியரிலேயே எஞ்சினை வேகமாகச் சுற்றவிட்டால் பிஸ்டன் காய்ந்துபோய் ஓடும். நியூட்ரலில் விடுவதும் ஆபத்து, அந்தக் கணவாயில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. கியரில் மெதுவாக இறங்கி, நடுநடுவே கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் ஆயில் போய்ச் சேரும்.

மெக்கானிக் விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 வர ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வட்டாரமே டூ ஸ்ட்ரோக்கில் ஊறியது. காரிமங்கலம், பாலக்கோடு, போச்சம்பள்ளி என்று எங்கே போனாலும் தக்காளிக் கூடையும் பால் கேனும் ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகளைப் பார்த்துக் கை பழகிய வயதான மெக்கானிக் ஒருவர் இருப்பார். சேட்டக் தெரியுமா என்று கேட்காதீர்கள், டூ ஸ்ட்ரோக் மேக்னெட் வேலை செய்வாரா என்று கேளுங்கள். சாமான் உள்ளூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. ரோடு கடைகளில் தேடலாம், பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இப்போது சேட்டக் என்ற பெயரில் பேட்டரி வண்டி வேறு வருவதால் போனில் பெயரை மட்டும் சொன்னால் குழப்பம்தான்.

உங்கள் வண்டிக்கு நான் செய்யச் சொல்கிற வரிசை: இன்றைக்கே புது பிளக், பிளக் கேப்பை உலர்த்தி ஒயரை வெட்டி மாட்டுவது, சாவி ஒயரைக் கழற்றிச் சோதிப்பது, பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்துப் பார்ப்பது. இந்த நான்கோடு கட்டைவிரல் சோதனையையும் செய்துவிட்டு, பொறி என்ன நிறம், பாட்டிலின் அடியில் என்ன, கட்டைவிரலைத் தள்ளியதா இல்லையா என்று மூன்றையும் எழுதுங்கள். அதற்குள் யாராவது எஞ்சினை இறக்க ஸ்பேனரோடு வந்தால் அப்பாவை முன்னால் நிற்கச் சொல்லுங்கள்.